கல்வெட்டைக் கைப்பேசியில் தெளிவாகப் படமெடுக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் குடவோலை முறையைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இருக்கின்றன அல்லவா, அவற்றை வீட்டில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படிக்கிற அளவுக்குப் படமெடுக்க ஆசை. கையில் இருப்பது சாதாரண ஆண்ட்ராய்டு போன். கேமரா வாங்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

எனக்குத் தெரிந்தவரை விஷயம் லென்ஸில் இல்லை, வெளிச்சம் வரும் கோணத்தில்தான் இருக்கிறது. வெளிச்சம் நேராக விழுந்தால் வெட்டிய பள்ளத்தில் நிழல் விழாது, எழுத்து கல்லோடு கலந்துவிடும். போனின் ஃப்ளாஷ் உதவாததும் இதனால்தான். வெயில் சுவரை உரசிக்கொண்டு வர வேண்டும். தெற்குச் சுவருக்குக் காலையும் மாலையும் சரி, கிழக்குச் சுவருக்கு உச்சிக்குச் சற்று முன்.

வடக்குச் சுவர்தான் சிக்கல். மார்கழி, தையில் அங்கே வெயிலே படாது. டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பிடித்தால் பகல் வெளிச்சத்தில் எடுபடுவதில்லை. ஆனி மாத உச்சிவெயில் நம் பக்கம் கொஞ்சம் வடக்கிலிருந்து விழுமே, அது போதுமா? இல்லை, மேலே உள்ள கொடுங்கையின் (சுவருக்கு வெளியே வளைந்து நீளும் கல் கூரை விளிம்பு) நிழல் மறைத்துவிடுமா? கறுப்புக் குடையால் வெளிச்சத்தை மறைத்து டார்ச் அடித்தவர்கள், கண்ணாடியால் வெயிலைத் திருப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தொல்லியல் துறைக் கோயில்களில் முக்காலிக்கு அனுமதி வாங்க வேண்டும், அதனால் அது இல்லாத வழி சொல்லுங்கள்.

அப்புறம், எச்.டி.ஆர். (வெளிச்சத்தையும் நிழலையும் சமன்படுத்தும் கேமரா வசதி) நிழலை வெளிறடிக்கிறது என்று அணைத்து வைத்திருக்கிறேன், சரிதானே? எழுத்து தெரிய மாவு, சுண்ணாம்பு தடவும் யோசனை மட்டும் வேண்டாம், கல் கெட்டுவிடும்.