லண்டனுக்கு வெளியே குடும்பத்தோடு குடியேற: ரெடிங்கா, ஸ்லவ்வா, மில்டன் கீன்ஸா?

கேள்வி: லண்டன் ஆபீசுக்கு வாரம் இரண்டு நாள் போக வேண்டும். பிள்ளைகளுக்கு ஒன்பது வயது, ஆறு வயது. இப்போது தற்காலிக வீட்டில் இருக்கிறோம். இந்த மூன்று ஊரில் எது நல்லது? கோயில், தமிழ்க் கடை பக்கத்தில் இருந்தால் வசதி.

பதில் 1

தம்பி, ஊரைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, சின்னப் பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் இடம் காலி என்பதை. இங்கே வகுப்பைத் தீர்மானிக்கும் தேதி செப்டம்பர் 1. ஆறு வயதுப் பிள்ளை, பிறந்த மாதத்தைப் பொறுத்து இயர் 1 அல்லது இயர் 2-இல் உட்காரும். ரிசப்ஷன் (இயர் 1-க்கு முந்தைய வகுப்பு), இயர் 1, இயர் 2 மூன்றுக்கும் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளை என்பது சட்டம். 30 நிரம்பிவிட்டால் தலைமை ஆசிரியரைக் கெஞ்சிப் பயனில்லை, அப்பீலிலும் பெரும்பாலும் தோற்பீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்த உச்சவரம்பு இல்லை, கொஞ்சம் நெகிழ்வு உண்டு.

அதனால் அந்தந்த ஊர் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றம்) அட்மிஷன்ஸ் பிரிவுக்கு போன் போட்டு, பிள்ளைகளின் வகுப்பைச் சொல்லி, உதாரணமாக “இயர் 2, இயர் 5 இரண்டிலும் இன்று காலி இடம் இருக்கிற பள்ளிகள் எவை?” என்று கேளுங்கள். இரண்டு பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்பது முக்கியம். அண்ணன் ஒரு பள்ளி, தங்கை இரண்டு மைல் தள்ளி இன்னொரு பள்ளி என்று அமைந்தால், காலை எட்டே முக்காலுக்கு இரண்டு வாசலில் யார் நிற்பது? வருட நடுவில் போடும் விண்ணப்பத்துக்கு அதிகபட்சம் 15 பள்ளி நாளுக்குள் பதில் தர வேண்டும். வெயிட்டிங் லிஸ்ட் முதலில் வந்தவருக்கு முதலில் என்று நகராது. உங்களுக்குப் பிறகு வந்தவர் பள்ளிக்கு இன்னும் பக்கத்தில் குடியேறினால் உங்கள் இடம் கீழே இறங்கும். தற்காலிக வீட்டு முகவரியைப் பல கவுன்சில்கள் ஏற்பதில்லை, வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள்.

வீட்டு விளம்பரத்தில் “அவுட்ஸ்டாண்டிங் பள்ளி அருகே” என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். அரசுப் பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச் சொல் மதிப்பீட்டை, பள்ளிகளை ஆய்வு செய்யும் அமைப்பான ஆஃப்ஸ்டெட் 2024 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டது. விளம்பரத்தில் இருப்பது பழைய பட்டம். அதைவிட உபயோகமானது, போன வருடம் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு பள்ளியிலிருந்து எத்தனை மைல் என்று பல கவுன்சில்கள் வெளியிடும் அட்டவணை. அவர்கள் நேர்கோட்டுத் தூரத்தை அளக்கிறார்களா, நடைபாதைத் தூரத்தையா என்றும் பாருங்கள்.

இந்த போனை, வீட்டை நமக்கென்று பிடித்து வைக்கும் ஹோல்டிங் டெபாசிட் கட்டுவதற்கு முன்னால் போடுங்கள். மாதம் 1,600 பவுண்ட் வாடகை என்றால் ஹோல்டிங் டெபாசிட் ஒரு வார வாடகை, சுமார் 369 பவுண்ட். பள்ளி கிடைக்கவில்லை என்று நீங்களாகப் பின்வாங்கினால் அது திரும்பாமல் போகலாம். பிரதான டெபாசிட் ஐந்து வாரத்துக்கு மேல் கேட்கக் கூடாது, இந்த வாடகைக்கு 1,846 பவுண்ட். வருமானச் சரிபார்ப்பில் ஏஜென்டுகள் வழக்கமாகக் கேட்பது மாத வாடகையைப் போல 30 மடங்கு ஆண்டுச் சம்பளம், அதாவது இங்கே 48,000 பவுண்ட். புதிதாக வந்தவருக்கு கிரெடிட் வரலாறு இருக்காது என்பதால் முன்பெல்லாம் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடுத்துச் சமாளிப்பார்கள். 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. வேலை உறுதிக் கடிதமும், நீங்கள் வாடகை கட்டாவிட்டால் பொறுப்பேற்கும் கேரண்டரும் இப்போதே தயார் செய்யுங்கள். அதே சட்டத்தில் ஒரு நல்லதும் உண்டு: இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். ஊர் ஒத்துவராவிட்டால் ஒரு வருடம் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அவசரப்பட்டு வீடு வாங்காமல் முதலில் வாடகைக்குப் போங்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

ரயில்: லண்டனுக்கு நேராகப் போகும் எலிசபெத் லைன் ரயில் ஸ்லவ், ரெடிங் இரண்டுக்கும் போகிறது, ஆனால் ரெடிங்கிலிருந்து அது நின்று நின்று வரும். லண்டன் பேடிங்டன் ஸ்டேஷனுக்கு வேக ரயில் அதில் பாதி நேரம்கூட எடுக்காது. மில்டன் கீன்ஸிலிருந்து லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனுக்கு வேக ரயில் சுமார் 35 நிமிடம். ஆனால் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போவதையும் கணக்கில் சேருங்கள். மில்டன் கீன்ஸ் கார் ஓட்டுபவர்களுக்காகப் பரப்பிக் கட்டிய ஊர். வாரம் இரண்டு நாளுக்கு வருட சீசன் டிக்கெட் எடுக்காதீர்கள். அதன் விலை 40 வார டிக்கெட்டுக்குச் சமம். 28 நாளில் 8 நாள் போகும் ஃப்ளெக்ஸி சீசன் உங்கள் கணக்குக்குச் சரியாகப் பொருந்தும். காலை நெரிசல் முடிந்து போக அனுமதி இருந்தால் ஆஃப்-பீக் விலையையும் ஒப்பிடுங்கள்.

கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) வாடகையில் சேராது. ஒரே பேண்டுக்கு (வீட்டின் வரிப் பிரிவு) ஊருக்கு ஊர் தொகை வேறு. ஏஜென்ட் பேண்ட் எழுத்தை மட்டும் சொல்வார், தொகையை கவுன்சில் தளத்தில் நீங்களே பாருங்கள்.

வீடு பார்க்கும்போது அலமாரியை வெளிச்சுவரிலிருந்து நகர்த்தி மோந்து பாருங்கள். பழந்துணி வாடை வந்தால் ஈரச் சுவர், புதுப் பெயின்ட் அதை மறைத்திருக்கும். அடுப்புக்கு மேல் உள்ள ஹூட் காற்றை வெளியே தள்ளுகிறதா, கரி வடிகட்டி வழியாக அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்று கேளுங்கள். வெளிச்சுவரில் காற்றுத் திறப்பு இருக்கிறதா என்று பின்பக்கம் போய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஓப்பன் கிச்சனில் இரண்டாவது வகை இருந்தால் கடுகு தாளித்த வாசம் படுக்கையறைத் தலையணையில் தங்கும், ஸ்மோக் அலாரமும் கத்தும்.

கோயில், கடை விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. லண்டனுக்குள் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, வெம்ப்லி, டூட்டிங் பக்கம் எல்லாம் கிடைக்கும், வாடகைக்கு வீடு சிறுத்துவிடும். கோயிலுக்கு மாதம் ஒருமுறை, பள்ளிக்கு நாளுக்கு இரண்டு முறை. தமிழ்ப் பள்ளி மட்டும் விதிவிலக்கு. வாராவாரம் போக வேண்டியது என்பதால் அது அரை மணிக்குள் இருக்கட்டும்.

பதில் 2

அண்ணா சொன்னதோடு ஒன்று. மூத்தவர் இயர் 5 என்றால் கிராமர் பள்ளித் (நுழைவுத் தேர்வில் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசு மேல்நிலைப் பள்ளி) தேர்வு இயர் 6 தொடக்கத்தில், செப்டம்பரிலேயே. பதிவு அதற்கு முந்தைய கோடையோடு முடியும். ஸ்லவ்வில் நான்கு கிராமர் பள்ளிகள். ரெடிங்கில் ரெடிங் ஸ்கூல், கெண்ட்ரிக் இரண்டும் கடும் போட்டி. மில்டன் கீன்ஸில் கிராமர் பள்ளியே இல்லை. பக்கிங்ஹாம்ஷயர் பக்கத்தில்தான் என்றாலும் அது தனி கவுன்சில், உள்ளூர்ப் பிள்ளைக்குத்தான் முன்னுரிமை. எந்த ஊரானாலும் செகண்டரி விண்ணப்பக் கடைசி நாள் அக்டோபர் 31. அதற்குள் அந்த முகவரியில் குடியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தேடுங்கள்.

பதில் 3

இந்திய, இலங்கை டிரைவிங் லைசென்ஸ் இங்கே குடியேறிய 12 மாதம் வரைதான். பிறகு தியரி, பிராக்டிகல் இரண்டும் எழுதிப் பாஸ் செய்ய வேண்டும், பிராக்டிகலுக்கு நாள் கிடைப்பதே பெரும்பாடு. வந்த வாரமே புரொவிஷனலுக்கு (பழகுநர் லைசென்ஸ்) விண்ணப்பம் போடுங்கள். இன்னொன்று, ஹவுன்ஸ்லோ பக்கம் வீடு பார்த்தால் ஒருமுறை காலையிலும் ஒருமுறை மாலை நான்கு மணிக்கும் போங்கள். மேற்குக் காற்று நாட்களில் ஹீத்ரோ விமானம் இறங்கும் ஓடுபாதையை மதியம் மூன்று மணிக்கு மாற்றுவார்கள். ஏஜென்ட் காட்டிய அமைதியான நேரம் மற்ற பாதி நாளின் இரைச்சலைச் சொல்லாது.