ஜன் தன் ஓவர்டிராஃப்ட் (ஓடி) லிமிட் குறையப் போகுதா? ஸ்காலர்ஷிப் பணம் பத்திரம்

கேள்வி (தண்டையார்பேட்டை): தங்கச்சி காலேஜ் ரெண்டாம் வருஷம். ஜன் தன் கணக்குல ₹10,000 ஓடி (இருப்புக்கு மேல எடுக்கிற கடன்), அதுல ₹8,000 எடுத்தாச்சு. புதுப்பிக்கும்போது லிமிட்டைக் குறைக்கலாம்னு கிளையில சொல்றாங்க. ஸ்காலர்ஷிப்பும் அந்தக் கணக்குக்குத்தான் வருது. என்ன செய்யலாம்ணே?

பதில் 1 (ராயபுரம்): முதல்ல ஸ்காலர்ஷிப்பைக் காப்பாத்துங்க தம்பி. மைனஸ்ல இருக்கிற கணக்குல ₹6,000 விழுந்தா, கடன் ₹2,000 ஆகும், அவ்வளவுதான். அன்னிக்கே லிமிட்டை ₹2,000 ஆக்கிட்டா ஒரு ரூபாகூட எடுக்க முடியாது. அரசுப் பணம் ஆதார் இணைச்ச வங்கிக்குத்தான் போகும். வேற வங்கியில சாதா சேமிப்புக் கணக்கு திறந்து, ஆதார் இணைப்புப் படிவம் கொடுத்து மாத்துங்க. மாறிடுச்சான்னு பார்த்துட்டு அப்புறம் ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிங்க.

பதில் 2 (கொருக்குப்பேட்டை): வட்டி தினசரி பாக்கிக்குத்தான். 12%னு வெச்சா ₹8,000க்கு நாளைக்கு ₹2.63. கையில வர்றதை மாசக் கடைசி வரை வெச்சிருக்காம உடனே கட்டுங்க. 90 நாள் வரவே இல்லைன்னா வாராக்கடன், சிபில்லயும் (கடன் வரலாற்றுப் பதிவு) ஏறும்.

பதில் 1: குறைச்சே தீருவாங்கன்னா, லிமிட்டை மாசம் ₹1,000 வீதம் இறக்கச் சொல்லி மேலாளருக்கு எழுதிக் கொடுத்து, நகல்ல சீல் வாங்குங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட போங்க, உதவி எண் 14448.