இளநிலை ஆய்வேடு: லேண்ட்சாட் படத்திலிருந்து ஏரியின் பரப்பு ஏன் ஒத்து வரவில்லை?

கரைக்கோடு கேட்டது:

வணக்கம். புவியியல் மற்றும் சுற்றுச்சூழல் கல்வி, இளநிலை இறுதியாண்டு. ஒரு ஏரியின் நீர்ப்பரப்பு 2000-க்கும் 2023-க்கும் இடையில் எவ்வளவு மாறியது என்பதுதான் ஆய்வேடு. லேண்ட்சாட் 5 செயற்கைக்கோள் படம் ஒன்று, லேண்ட்சாட் 8 படம் ஒன்று. இரண்டும் கலெக்‌ஷன் 2, லெவல் 2 (வளிமண்டலத் திருத்தம் செய்து வெளியிடப்பட்ட தரவு). கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வேலை. சிக்கல்கள்:

ஏரி எல்லையை நானே வரைந்த பாலிகனில் பரப்பு 0.0031 என்று வருகிறது. அடர்ந்த காட்டில்கூட என்டிவிஐ (செடிகளின் பசுமையைக் காட்டும் குறியீடு) 0.35-ஐத் தாண்டவில்லை. 2000 படத்தில் என்டிடபிள்யூஐ (நீரைப் பிரித்துக் காட்டும் குறியீடு) போட்டால் ஏரியோடு கட்டடப் பகுதிகளும் நீராகத் தெரிகின்றன. அதே சூத்திரத்தை 2023 படத்தில் போட்டால் எல்லாமே பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது, நீரும் நிலமும் பிரியவே இல்லை. இதைச் சரிசெய்த பிறகு "ஏரி இத்தனை விழுக்காடு சுருங்கியது" என்று எழுத இந்த இரண்டு படங்கள் போதுமா?

---

அலகுமுறை பதில்:

நான்கும் தனித்தனிக் கோளாறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

0.0031 என்பது சதுர டிகிரி. பாலிகன் அட்சரேகை–தீர்க்கரேகை முறையில் இருக்கிறது. ஒரு சதுர டிகிரி நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழ 12,300 ச.கி.மீ.; துருவம் நோக்கிப் போகப் போகக் குறையும். அதனால் ஒரே எண்ணால் பெருக்கித் தப்பிக்க முடியாது. லேண்ட்சாட் படம் ஏற்கெனவே யுடிஎம் என்ற தட்டை வரைபட முறையில் மீட்டர் அலகில்தான் வருகிறது. பாலிகனை 'ரீபுராஜெக்ட் லேயர்' கருவியால் படத்தின் முறைக்கு மாற்றுங்கள். 'செட் லேயர் சிஆர்எஸ்' வேறு வேலை: அது எண்களைத் தொடாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும், பாலிகன் வேறெங்கோ போய் விழும். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்க்கேட்டர் முறையின் அலகும் மீட்டர்தானே என்று அதில் அளக்க வேண்டாம். 60° அட்சரேகையில் பரப்பை 4 மடங்காகக் காட்டும், 45°-இல் 2 மடங்கு. 10°-இல் பிழை சுமார் 3% மட்டுமே, அதனால்தான் பலர் கண்ணில் படாமல் போகிறது.

என்டிவிஐ குறைவாக வருவதற்குக் காரணம், பட எண்ணை (கோப்பில் பிக்சலுக்குப் பிக்சல் பதிவான முழு எண்) எதிரொளிப்பாக (தரை திருப்பி அனுப்பும் ஒளியின் பங்கு) மாற்றாமல் சூத்திரத்தில் போட்டிருக்கிறீர்கள். கலெக்‌ஷன் 2 லெவல் 2-இல்:

எதிரொளிப்பு = பட எண் × 0.0000275 − 0.2

வெறும் பெருக்கல் காரணி என்றால் விகிதத்தில் அடிபட்டுப் போயிருக்கும். இங்கே −0.2 இருப்பதால் அடிபடாது. காட்டில் சிவப்பு 0.05, அண்மை அகச்சிவப்பு 0.30 என்று வையுங்கள். சரியான என்டிவிஐ, அதாவது இரண்டின் வேறுபாடு ÷ கூட்டுத்தொகை, 0.25 ÷ 0.35 = 0.71. அதே புள்ளியின் பட எண்கள் 9091, 18182. அவற்றை நேரடியாகப் போட்டால் 0.33. உங்கள் 0.35 எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிட்டது.

மாற்றும்போது இரண்டைக் கவனியுங்கள். பட எண் 0 என்பது தரவு இல்லாத இடம், விலக்காவிட்டால் −0.2 என்று கணக்கில் ஏறும். 7273-க்குக் கீழே உள்ள எண்கள் எதிர்ம எதிரொளிப்பைத் தரும். தெளிந்த நீரின் அகச்சிவப்புப் பேண்டுகளில் (அலைநீளப் பட்டைகளில்) இது சாதாரணம். அங்கே குறியீடு 1-ஐத் தாண்டியோ, பகுதி பூஜ்யத்தை நெருங்கித் தாறுமாறாகவோ வரும். எதிர்ம மதிப்புகளைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கணக்கிடுங்கள். அப்படிச் செய்ததை முறையியல் பகுதியில் ஒரு வரி எழுதுங்கள்.

2023 படத்தின் சிக்கலுக்குக் காரணம் பேண்ட் எண். லேண்ட்சாட் 5-இல் பச்சை 2, சிவப்பு 3, அண்மை அகச்சிவப்பு 4, குற்றலை அகச்சிவப்பு 5. லேண்ட்சாட் 8-இல் முன்னால் ஒரு கடலோரப் பேண்ட் சேர்ந்ததால் எல்லாம் ஒன்று தள்ளிப் போகும்: 3, 4, 5, 6. பழைய எண்களான 2-ஐயும் 4-ஐயும் 8-இல் போட்டால் நீலத்தையும் சிவப்பையும் ஒப்பிடுகிறீர்கள். அவை பெரும்பாலான பரப்புகளில் நெருக்கமாகவே இருக்கும், விடை பூஜ்யத்தை ஒட்டத்தான் செய்யும்.

---

மண்ணும்நீரும் பதில்:

கட்டடம் நீராகத் தெரியறது கோளாறு இல்லைங்க, அந்தக் குறியீட்டோட குணம். மெக்ஃபீட்டர்ஸ்ங்கிற ஆய்வாளர் 1996-ல கொடுத்த என்டிடபிள்யூஐ சூத்திரத்துல இருக்கறது பச்சையும் அண்மை அகச்சிவப்பும். கான்கிரீட், கூரை மேல அது பூஜ்யத்துக்கு மேல போறது உண்டு. 2006-ல சூங்கிற இன்னொரு ஆய்வாளர் அண்மை அகச்சிவப்புக்குப் பதிலா குற்றலை அகச்சிவப்பைப் போட்டார்: எம்என்டிடபிள்யூஐ (மாற்றியமைச்ச என்டிடபிள்யூஐ). கட்டடம் அந்த அலையை நல்லா எதிரொளிக்கும், நீர் கிட்டத்தட்ட முழுசா உறிஞ்சிடும், ரெண்டும் பிரிஞ்சிடும். உங்க படத்துக்கு (பே = பேண்ட்): லேண்ட்சாட் 5-ல (பே2 − பே5) ÷ (பே2 + பே5), 8-ல (பே3 − பே6) ÷ (பே3 + பே6).

இதுலயும் தீராதது மூணு. மலை நிழல் நீர் மாதிரியே தெரியும். உயரத் தரவுல சரிவு அதிகமுள்ள பிக்சல்களை விலக்கிடுங்க. மேக நிழலும் அப்படித்தான். அதுக்கு ஒவ்வொரு பிக்சலும் மேகமா, தெளிவான்னு எண்ணால சொல்ற க்யூஏ_பிக்சல் கோப்பு படத்தோடயே வருது: லேண்ட்சாட் 8-ல தெளிவான நிலம் 21824, தெளிவான நீர் 21952; லேண்ட்சாட் 5-ல 5440, 5504. இந்த மதிப்புகளை மட்டும் வெச்சுக்கிட்டாலே பெரும்பாலான மேகத் தொல்லை போயிடும்.

மூணாவதுதான் உங்க முடிவையே மாத்தக்கூடியது. ஏரி மேல ஆகாயத்தாமரை மூடியிருந்தா செயற்கைக்கோளுக்கு அது செடி, நீர் இல்ல. 2000-ல இல்லாம 2023-ல இருந்தா, ஏரி சுருங்காமலே 'சுருங்கிடுச்சு'ன்னு வரைபடம் சொல்லும். கரைக்கோட்டுக்கு உள்ளே என்டிவிஐ உயர்ந்த பிக்சல் எங்க இருக்குன்னு தனியா எடுத்து, 'திறந்த நீர்'னும் 'செடி மூடிய நீர்'னும் ரெண்டு வகுப்பா காட்டுங்க. சுற்றுச்சூழல் பக்கம் பார்த்தா அந்த ரெண்டாவது வகுப்புதான் சுவாரசியமான கண்டுபிடிப்பே.

அப்புறம் உங்க கடைசிக் கேள்வி. ரெண்டு படம் போதாது. ஒண்ணு மழை முடிஞ்ச மாதம், இன்னொண்ணு கோடைன்னா நீங்க அளக்கறது பருவத்தை. ஒரே மாதமா இருந்தாலும் ஒண்ணு வறட்சி ஆண்டு, ஒண்ணு வெள்ள ஆண்டா இருக்கலாம். 1998–2002-ல ஒரே மாதப் படங்கள் கிடைக்கிறதை எல்லாம் எடுங்க, 2021–2025-லயும் அப்படியே. ஒவ்வொரு ஆண்டு பரப்பையும் அந்த ஆண்டு மழையளவோட சேர்த்து ஒரே வரைபடத்துல போடுங்க. மழை ஒரே அளவா இருந்த ஆண்டுகள்லயும் பரப்பு குறைஞ்சிருந்தாத்தான் 'சுருங்கியது'ன்னு பேச்சு. இடைவெளி ஆண்டுகளுக்கு லேண்ட்சாட் 7 எடுத்தா 2003 மே 31-க்கு முந்தின படமா பாருங்க. அன்னைக்கு ஸ்கேன் லைன் கரெக்டர்ங்கிற கருவி பழுதானதுல இருந்து ஒவ்வொரு படத்துலயும் சுமார் 22% பட்டை பட்டையா காலி.

---

கரைக்கோடு:

நன்றி, இரண்டு பேருக்கும். குறியீடு இப்போது சரியாக வருகிறது. அடுத்தது துல்லிய மதிப்பீடு. வழிகாட்டி "துல்லியம் 85%-க்கு மேல் இருக்க வேண்டும், கப்பாவும் போடு" என்கிறார் (கப்பா: தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துவிட்டுப் பார்க்கும் துல்லிய அளவு). 2000-ஆம் ஆண்டுக்கு நேரில் போய்ச் சரிபார்க்க முடியாதே, அதற்கு என்ன செய்வது?

---

வரைபடத்தூசி பதில்:

கப்பாவை வழிகாட்டி கேட்டால் ஒரு வரியில் கொடுத்துவிடுங்கள், சண்டை வேண்டாம். ஆனால் ஆய்வாளர்கள் பொன்ஷியஸ், மில்லோன்ஸ் இருவரும் 2011-இல் அதைக் கைவிடச் சொல்லி எழுதியதையும் மேற்கோள் காட்டுங்கள். 85% என்ற வாசல் எண்ணும் பழக்கத்தில் வந்ததுதான். உங்களுக்கு வேண்டியது பரப்பின் பிழை வரம்பு, அதை அந்த எண் சொல்லாது.

ஒரு கணக்கு பாருங்கள். வரைபடம் 1,000 ஹெக்டேர் நீர், 9,000 ஹெக்டேர் நிலம் என்கிறது. ஒவ்வொரு வகுப்பிலும் 100 புள்ளிகளைத் தற்செயலாக எடுத்துச் சரிபார்க்கிறீர்கள். நீர் என்றவற்றில் 90 உண்மையில் நீர். நிலம் என்றவற்றில் 3 உண்மையில் நீர். பரப்பால் எடையிட்டால் மொத்தத் துல்லியம் 0.1 × 0.90 + 0.9 × 0.97, அதாவது 96.3%. அருமையான எண். இப்போது திருத்திய நீர்ப்பரப்பு: 1,000 × 0.90 + 9,000 × 0.03 = 1,170 ஹெக்டேர். அதன் 95% நம்பக எல்லை ஏறத்தாழ ±310 ஹெக்டேர். 96% துல்லியமான வரைபடத்தை வைத்துக்கொண்டு 10% மாற்றம் நடந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை!

பிழை எங்கிருந்து வந்தது? அந்த 3 புள்ளிகளிலிருந்து. 9,000 ஹெக்டேரில் ஒரு புள்ளி தவறினால் 90 ஹெக்டேர் ஆடும். தவறுகள் பெரும்பாலும் கரையோரத்தில்தான் குவியும் என்பதால், கரைக்கோட்டின் இருபுறமும் 90 மீட்டர், அதாவது 3 பிக்சல் அகலப் பட்டையைத் தனி அடுக்காகப் பிரித்து அங்கே அதிகப் புள்ளிகள் வையுங்கள். தொலைவில் இருக்கும் நிலத்துக்கு 50 புள்ளி போதும், அங்கே தவறு அரிது. அதே உழைப்பில் வரம்பு வெகுவாகக் குறுகும். இந்த முறையை ஒலோஃப்ஸன் குழுவினர் 2014-இல் படிப்படியாக விளக்கியிருக்கிறார்கள். விரிதாளிலேயே போடலாம், தனி மென்பொருள் வேண்டாம்.

ஏரி சிறியதென்றால் பிக்சல் அளவே ஒரு தடை. 100 ஹெக்டேர் ஏரிக்குக் கரை நீளம் 5 கி.மீ. என்றால், கரைக்கோடு முழுக்க ஒரே பக்கமாக அரைப் பிக்சல், 15 மீட்டர், தள்ளியதும் 7.5 ஹெக்டேர் போய்விடும். அதைவிடச் சிறிய மாற்றத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

2000-க்கு நேர்ச் சரிபார்ப்பு கிடையாது, உண்மைதான். பழைய விமானப்படமோ அதே காலத்து உயர்தெளிவுப் படமோ கிடைத்தால் அதில் பாருங்கள். இல்லாவிட்டால் அதே லேண்ட்சாட் படத்தைக் குற்றலை–அண்மை அகச்சிவப்பு–சிவப்பு வண்ணச் சேர்க்கையில் வைத்துக் கண்ணால் முடிவெடுக்கலாம். நீர் கருநீலமாகப் பிரிந்து தெரியும். வகைப்படுத்தலின் முடிவை மறைத்துவிட்டுப் பாருங்கள், முடிந்தால் வகுப்புத் தோழர் ஒருவரையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். இருவரும் முரண்பட்ட புள்ளிகள் எத்தனை என்பதையும் எழுதுங்கள். தேர்வாளர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இன்றைய காலத்துக்குக் களப்புள்ளி எடுக்கும்போது, கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியில் 5 மீட்டர் அளவில் தள்ளும், மரத்தடியில் இன்னும் மோசம். 90 × 90 மீட்டராவது ஒரே மாதிரி இருக்கும் இடத்தின் நடுவில் நின்று புள்ளி எடுங்கள். கரையோர அடுக்குக்கு இது பொருந்தாது. அங்கே தற்செயலாக விழுந்த பிக்சலை அப்படியே ஏற்று, அதில் பாதிக்கு மேல் நீரா என்று மட்டும் முடிவு செய்யுங்கள். களநாளும் படம் எடுத்த நாளும் ஓரிரு வாரத்துக்குள் இருக்கட்டும், நீர்மட்டம் அதற்குள் மாறிவிடும்.

---

அலகுமுறை:

ஒன்று விட்டுப்போனது. எந்தக் குறியீட்டு மதிப்புக்கு மேல் நீர் என்று கொள்வது என்ற வாசல் மதிப்பு பூஜ்யம் என்று வைத்தால், அதை 0.05 கூட்டியும் குறைத்தும் பரப்பை இன்னும் இரண்டு முறை கணக்கிட்டு அட்டவணையில் போடுங்கள். மூன்று எண்களும் நெருக்கமாக இருந்தால் வாசலைப் பற்றிக் கேள்வி வராது. விலகினால் ஓட்சு முறையில் (படத்தின் மதிப்புப் பரவலிலிருந்தே வாசலைக் கண்டறியும் முறை) படத்துக்குப் படம் வாசலைக் கணக்கிட வேண்டியிருக்கும். கரையோரம் சேறும் ஆழமற்ற நீருமாக இருக்கும் ஏரிகளில் பெரும்பாலும் விலகும். வகைப்படுத்திய படத்தை எங்காவது ரீபுராஜெக்ட் செய்ய நேர்ந்தால் ரீசாம்பிளிங்கில் (பிக்சல் மதிப்புகளைப் புதிய கட்டத்துக்கு மாற்றும் முறையில்) 'நியரஸ்ட் நெய்பர்' தேர்ந்தெடுங்கள். பைலீனியர் போட்டால் 0-க்கும் 1-க்கும் நடுவே 0.4, 0.7 என்று இல்லாத வகுப்புகள் முளைக்கும்.