பொருள்: எண்ணிட்ட பாதைச் சந்திக்குச் சொல் வேண்டும் (நெதர்லாந்துக் கடற்கரை மிதிவண்டித் தடம்)

அன்புள்ள குழுவினர்க்கு,

எல்.எஃப். கஸ்ட்ரூட் என்ற அந்தத் தடத்தின் வழிகாட்டியுடைய தமிழாக்கம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. பெல்ஜிய எல்லையருகே தொடங்கி ஜெர்மன் எல்லை வரை 600 கி.மீ.க்கு மேற்பட்ட தடம். இடறுவது 'க்னோப்பன்ட்' என்ற ஒரே சொல். பாதைகள் கூடுமிடத்தில் பலகை, அதில் ஓர் எண். அங்கிருந்து அடுத்த எண்களுக்கு அம்புக்குறிகள். பயணி 23, 41, 7 என்று வரிசையைத் தாளில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொள்வார்.

'சந்திப்பு' போதாது. இரண்டு எண்களுக்கு நடுவே எண்ணில்லாத சந்திப்புகள் பல வரும். "சந்திப்பில் இடப்பக்கம் திரும்புக" என்று படித்தவர் முதல் முச்சந்தியிலேயே திரும்பிவிடுவார்.
– த.

> 'சந்திப்பு' போதாது

ஐயா, சொல் கையிலேயே இருக்கிறது: கவலை. பெரும்பாணாற்றுப்படையில் 'உல்குடைப் பெருவழிக் கவலை', அதாவது சுங்கம் வாங்கும் பெருவழி கிளைக்குமிடம். கவை, கவடு, கவர், கவட்டை எல்லாம் ஒரே வேர். மனக்கவலையும் உள்ளம் இரண்டாகப் பிரிவதுதான்.

அதற்குச் சற்று முன்னால் 'மிரியற் புணர்ப்பொறை' வருகிறது: கழுதை முதுகில் இருபுறமும் நிறை ஒக்கக் கட்டிய மிளகுப் பொதி. பின்சக்கரத்தின் இருபுறமும் மாட்டும் பைகளைப் 'பக்கப்பை' என்று எழுதியிருக்கிறீர்கள். 'புணர்பொறை' என்றால் எடை ஒத்திருக்க வேண்டும் என்பதும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடும்.
– இரா.

> புணர்பொறை

இரா. ஐயா, இலக்கியச் சான்று அருமை. ஆனால் இன்றைய வாசகர் 'புணர்' என்றதும் வேறு பொருள் கொள்வார். எடை ஒத்திராவிட்டால் வழியில் வரும் ஊஸ்டர்ஷெல்டே கடல் தடுப்பணை மேல் ஏறத்தாழ 9 கி.மீ. பக்கக்காற்றில் வண்டி அலைபாயும். கனமானதை அடியில் வையுங்கள், பை குதிகாலில் இடிக்காதபடி பின்தள்ளி மாட்டுங்கள், தாங்கியில் பொறித்த எடையை மீறாதீர்கள்: இவற்றை வாக்கியமாகத்தான் எழுத வேண்டும், சொல்லுக்குள் திணிக்க முடியாது. பக்கப்பையே இருக்கட்டும்.

"கவலை 42 வரை செல்க" என்பதை மழையில் நின்று படிப்பவருக்கு உரையாசிரியர் துணை வரமாட்டார். என் பரிந்துரை: கணு. மூங்கிலில் கணுவில்தான் கிளை விடும். இரு கணுக்களுக்கு நடுவில் கணுவிடை. பள்ளித் தாவரவியலிலேயே உள்ள சொல். கணினித் துறையிலும் கணு புழங்குகிறது.
– மீ.

> மூங்கிலில்

மீ. அம்மா, மூங்கில் நேர்கோடு, இது வலை. வலையில் கண் என்பது ஓட்டை, நூல் கூடுமிடம் முடிச்சு. டச்சுச் சொல்லின் முற்பாதிக்கும் முடிச்சென்றே பொருள். இந்த எண்ணிடும் முறைகூடச் செடியிலிருந்து வந்ததில்லை. சுரங்கப் பொறியாளர் ஹியூகோ போலன், நிலத்தடி வழிகள் கூடுமிடங்களுக்கு எண் போடுவதைப் பார்த்துப் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் 1995இல் மிதிவண்டிக்குக் கொண்டுவந்தது. நம் தடத்தில் பிரெஸ்கென்ஸிலிருந்து ஃபிளிசிங்கனுக்குப் படகில் கடக்கும் நீர்ப்பரப்பும் கணுவிடையா?
– கோ.

> முடிச்சு

கடலோர வழிகாட்டியில் காற்றின் வேகமும் முடிச்சு (நாட்) என்ற அலகில் வரும். 'முடிச்சு 20' காற்றா, பலகையா? ஏழாம் வேற்றுமை உருபான 'கண்' இடப்பொருள் தருவது. கரும்பின் கணுவையும் கண் என்பதுண்டு. ஆகவே கணுவில் 'இடம்' ஏற்கெனவே உண்டு என்பது என் துணிபு.

ஒன்றை மறக்க வேண்டாம். எண்கள் இரண்டு இலக்கத்தைத் தாண்டாததால் அடுத்த வட்டாரத்தில் அதே 42 மறுபடி வரும். பலகையில் எண்ணை மட்டும் பார்க்காமல், அங்கிருந்து பிரியும் எண்களையும் தாளோடு ஒப்பிட வேண்டும். வழியில் அம்புக்குறி காணாமற்போனால் ஊகித்து முன்னே போகாமல் கடைசியாகக் கண்ட பலகைக்குத் திரும்ப வேண்டும். பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.
– மீ.

> பெட்டிச் செய்தி

சேர்த்துவிட்டேன். பெரும்பான்மை கணுவுக்கே. முதலில் வரும் இடத்தில் மட்டும் 'கணு, அதாவது எண்ணிட்ட பாதைக்கூடல்'. பிறகு 'கணு எண் 42'. கோப்பை இன்றிரவு அனுப்புகிறேன்.
– த.

> கணு எண்

அனுப்புங்கள், தடுக்கவில்லை. பாதை பிரியுமிடத்துக்குச் சொல் வைத்திருந்த மொழிக்கு மூங்கிலிடம் கடன் வாங்குவதை நான் ஏற்கவில்லை என்று மட்டும் பதிவு செய்யுங்கள். 'கணு எண்' பிரித்தெழுதியதும் பிழை. உடம்படுமெய் வேண்டும், கணுவெண்.
– இரா.