குடைராட்டின ஆர்கன் ஒலி மிடியில் ஏன் சப்பென்று இருக்கிறது?

வால்ட்ஸ்பிரியன்:
பழைய குடைராட்டின ஆர்கன் பாணியில் ஒரு வால்ட்ஸ் (மூன்று தட்டு நடன இசை) மிடியில், அதாவது கணினிக்கு ஸ்வரக் கட்டளைகளாக, அமைக்கிறேன். நிஜக் குழல்களின் சாம்பிள் (பதிவுசெய்த ஒலி)தான். ஆனாலும் தேவாலய ஆர்கன் மாதிரி கேட்கிறது, இல்லாவிட்டால் பொம்மைக் கீபோர்டு மாதிரி. கோரஸ் (ஒலியைப் பல குரலாக்கும் எஃபெக்ட்), ரிவெர்ப் (எதிரொலி) எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. அந்தத் துள்ளல் எங்கிருந்துதான் வருகிறது?

துருத்தி:
முதல் வேலை, எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே வெலாசிட்டி (மிடியில் ஸ்வரத்தின் அழுத்த அளவு) வையுங்கள். இந்தக் கருவியில் வால்வு திறந்தால் முழுச் சத்தம், மூடினால் மௌனம். மெல்ல ஊதுவது என்ற பேச்சே இல்லை. சத்தம் ஏற வேண்டுமென்றால் கூடுதல் ஸ்வரம் சேர்க்கணும், அல்லது இன்னொரு குழல் வரிசையைத் திறக்கணும்.

துள்ளலும் இதிலிருந்தே பிறக்கிறது. நீண்ட ஸ்வரம் ஒரே அளவில் நின்றால் சலித்துவிடும். ஆகவே மூன்று தட்டு நீள ஸ்வரத்தை ட்ரில்லாகவோ (பக்கத்து ஸ்வரத்தோடு வேகமாக மாறிமாறி ஒலிப்பது), ஆறு அரைத்தட்டு ஸ்வரங்களாகவோ உடைப்பார்கள். மெலடி மூச்சுவிடும் இடத்தில் கவுண்டர்மெலடி (துணை மெட்டு) புகுந்துவிடும். பேஸ் முதல் தட்டில், கார்டு 2, 3ஆம் தட்டுகளில், இரண்டுமே குட்டையாக. நீங்கள் கார்டை இழுத்துப் பிடித்திருந்தால் தேவாலய வாடை அங்கிருந்துதான் வருகிறது.

இன்னொன்று: சிறிய ஆர்கன்களில் பன்னிரண்டு ஸ்வரமும் இருக்காது, பேஸில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். இல்லாத ஸ்வரத்தைச் சுற்றிப் போகும் சாமர்த்தியமே பாதி அழகு. பேஸை ஆறேழு ஸ்வரத்துக்குள் அடக்கி எழுதிப் பாருங்கள்.

சுதிக்காரன்:
கோரஸை எடுத்துவிடுங்கள். அது சுதியை மேலும் கீழும் அசைக்கும். ஆர்கனில் இரண்டு குழலுக்கு நடுவிலான சுதி விலகல் அசையாது: ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு குழல், ஒன்று சரியான சுதியில், மற்றது ஒரு நூல் மேலே.

440 ஹெர்ட்ஸில் இரண்டாவது குழலை 443க்கு ஏற்றினால் வினாடிக்கு 3 அலைவு (சத்தம் ஏறி இறங்குவது). விலகல் கிட்டத்தட்ட 12 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு). பலரும் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. அதே 12 சென்ட்டை எல்லா ஸ்வரத்துக்கும் கொடுத்தால் 880ல் அலைவு 6 ஆகி, காது கூசும். மேல் ஸ்தாயியில் 6, 7 சென்ட் போதும். பேஸுக்கு விலகலே வேண்டாம்.

ரிவெர்பும் வேண்டாம். இது திறந்தவெளிக் கருவி.

துருத்தி:
சுதியோடு வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புல்லாங்குழல் வகைக் குழல்களில் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் 3 சென்ட் ஏறும். டிரம்பெட் போன்ற நாக்குக் குழல்கள் (உள்ளே அதிரும் தகடு உள்ளவை) அந்த அளவுக்கு ஏறாது. அதனால் வெயில் நாளில் டிரம்பெட் கொஞ்சம் இறங்கிக் கேட்கும். உங்கள் டிரம்பெட் வரிசையை 5 முதல் 10 சென்ட் இறக்கினால் அந்த நிறம் வரும். அதற்கு மேல் போனால் அபஸ்வரம்தான்.

அட்டைத்துளை:
தாளத்தில் 'ஹியூமனைஸ்' (மனிதர் வாசிப்பதுபோல் நேரத்தைச் சற்று முன்பின் ஆக்கும் வசதி) போட்டிருந்தால் நீக்குங்கள். 1892ல் பாரிசின் கவியோலி நிறுவனம் காப்புரிமை பெற்ற அட்டைப் புத்தக முறையில் (பாட்டைத் துளைகளாக இட்ட மடிப்பு அட்டை), உருளைகள் அட்டையைச் சீரான வேகத்தில் இழுக்கும். நியூயார்க் மாநிலத்தின் நார்த் டோனவாண்டாவில் வுர்லிட்சர் நிறுவனம் செய்த ஆர்கன்கள் ஓடுவது காகிதச் சுருளில். சுற்றச் சுற்ற, காகிதத்தை வாங்கும் சுருள் பருக்கும், காகிதம் ஓடும் வேகமும் கூடும். துளையிடும்போது இதை ஈடுகட்டாவிட்டால் பாட்டு மெல்ல ஓட்டமெடுக்கும். உங்களுக்கு அந்த வாசனை வேண்டுமென்றால் மொத்த நீளத்தில் டெம்போவை 2 சதவீதம் வரை நேர்கோட்டில் ஏற்றலாம். முன்பின் ஆட்டம் மட்டும் கூடாது.

டிரம்மும் அப்படியே. அடிக்கும் கோலைக் காற்று தள்ளுகிறது, எனவே ஒவ்வொரு அடியும் ஒரே பலம். ஸ்நேர் டிரம்மில் மெல்லிய அடிகள் எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். சிம்பலை பேஸ் டிரம்மோடு ஒட்டியே வையுங்கள்.

சாம்பிள் தேடும்போது 'காலியோப்' என்று இருப்பதை எடுக்காதீர்கள். 1855ல் ஜோசுவா ஸ்டோடர்ட் காப்புரிமை பெற்ற நீராவி விசில் கருவி அது, ஒலியே வேறு.

வால்ட்ஸ்பிரியன்:
வெலாசிட்டியும் கோரஸும் எடுத்ததிலேயே பாதி சரியாகிவிட்டது, நன்றி. டிரம்பெட்டை 7 சென்ட் இறக்கியிருக்கிறேன். பேஸை ஆறு ஸ்வரத்துக்குள் அடக்க மூன்றாவது பகுதியில் சுதியையே மாற்ற வேண்டிவருகிறது. பரவாயில்லையா?

துருத்தி:
மாற்றுங்கள். அவர்களும் அதைத்தான் செய்தார்கள்.