ஸ்டேஜ் 1 ரீமேப்: போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, கோயம்புத்தூர்

ஸ்டேஜ் 1 ரீமேப் என்றால் பாகம் எதையும் மாற்றாமல், இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியுவில் உள்ள மென்பொருளை மட்டும் மாற்றி எழுதுவது. அதைப் போட்டேன் என்றதும் எல்லோரும் கேட்பது "எவ்வளவு பவர் கூடுச்சு?" என்றுதான். எனக்கு அதைவிட எங்கே கூட்டவில்லை என்பதுதான் முக்கியம், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்த வண்டிக்கு கம்பெனி கொடுத்தது 180 பிஎஸ் பவர், 250 என்எம் டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை). கியர்பாக்ஸ் தானாகவே கியர் மாற்றும் 7 ஸ்பீட் டிஎஸ்ஜி, எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகை, டிக்யூ200 என்பார்கள். அது தாங்கும் என்று கம்பெனியே சொல்லும் அளவும் 250 என்எம்தான். ஷோரூமை விட்டு வெளியே வரும்போதே கியர்பாக்ஸ் அதன் வரம்பில் நிற்கிறது. இன்ஜினுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது, ஈசியுதான் பிடித்து வைத்திருக்கிறது. 1250 ஆர்பிஎம்மிலிருந்து (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 5000 வரை டார்க் ஒரே நேர்கோடாகப் போவது அதனால்தான்.

ரீமேப் போடுபவர்களில் நான் முதலில் பேசிய ட்யூனர் "340 என்எம் வரும் சார், லேப்டாப்பை மாட்டினா அரை மணி நேரம்" என்றார். கியர்பாக்ஸ் தாங்குமா என்று கேட்டதற்கு "எல்லாரும் ஓட்டிட்டுத்தானே இருக்காங்க" என்று பதில். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாவதாகப் பார்த்தவர் வேறு மாதிரி பேசினார். கீழ் ஆர்பிஎம்மில் டார்க்கைத் தொட வேண்டாம், மேல் ஆர்பிஎம்மில் அது விழாமல் பிடித்துக்கொள்வோம் என்றார். கணக்கு போட்டுப் பாருங்கள். 6000 ஆர்பிஎம்மில் 180 பிஎஸ் என்றால் அங்கே டார்க் 210 என்எம் அளவுக்கு இறங்கியிருக்கிறது. அதே 250-ஐ 6000 வரை கொண்டுபோனால் 213 பிஎஸ் வருகிறது, கியர்பாக்ஸுக்கு ஒரு என்எம் கூட அதிகச் சுமை இல்லாமல். இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போ சின்னது, ஆர்பிஎம் மேலே போகப்போக மூச்சு வாங்கும், அதனால் அந்த 213 முழுசாக வராது என்பதையும் அவரே முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் வண்டியைக் கொடுத்தேன்.

அவர் செய்த முதல் வேலை எதையும் மாற்றாமல், பவரை அளக்கும் உருளை மேடையான டைனோவில் ஏற்றி லாக் (ஈசியு காட்டும் எண்களின் பதிவு) எடுத்ததுதான். ஸ்கிரீனில் நான்கு சிலிண்டருக்கும் தனித்தனிக் கட்டம், எந்த சிலிண்டரில் ஈசியு இக்னிஷன் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) எத்தனை டிகிரி பின்னால் இழுக்கிறது என்று ஓடிக்கொண்டே இருக்கும். மத்தியான வெயில், டேங்கில் சாதாரண பெட்ரோல், கம்பெனி மேப். அதிலேயே 3,000 தாண்டியதும் மூன்றாவது சிலிண்டரில் நாலு டிகிரி வரை இழுத்தது. டேங்கை வற்றவிட்டு 100 ஆக்டேன் பெட்ரோல் (ஆக்டேன் எண் கூடக்கூட பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும்) நிரப்பி மறுபடி ஓட்டியபோது அந்தக் கட்டம் முழுக்கப் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. அதாவது ரீமேப்புக்கு முன்னாலேயே கம்பெனி கொடுத்த பவரில் கொஞ்சத்தை நான் பங்க்கிலேயே இழந்துகொண்டிருந்தேன்.

இது ஏன் முக்கியம் என்றால், டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்போது சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறுகிறது. ஆக்டேன் குறைந்த பெட்ரோல் அதைத் தாங்காமல், பிளக் மூட்டிய தீ வந்து சேர்வதற்கு முன்னால் தானாகவே வெடிக்கும். அதுதான் நாக். இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் நாக் சென்சார் அந்தத் தட்டலைக் கேட்டு ஈசியுவிடம் சொல்லும், ஈசியு டைமிங்கைப் பின்னால் தள்ளும், பவர் குறையும். ரீமேப்பில் பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, ஏற்றுகிறோம் என்றால் நாக் வராமல் ஓடுவதற்கான இடைவெளி இன்னும் சுருங்குகிறது. ஐரோப்பாவில் 98 ஆக்டேனை நம்பி எழுதிய ரீமேப் ஃபைலை இங்கே 91 ஊற்றும் வண்டியில் ஏற்றினால் ஈசியு காலம் பூராவும் டைமிங்கை இழுத்துக்கொண்டே இருக்கும். காசு கொடுத்து வாங்கிய பவர் ரோட்டில் இருக்காது, பிஸ்டன் மட்டும் அடி வாங்கும்.

ஃபைல் ஏற்றும் வேலையையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேட்டரியில் சார்ஜரை மாட்டி, ஏசி, ஃபேன், லைட் எல்லாம் அணைத்து, கதவைத் திறக்காதீர்கள் என்றார். எழுதும்போது வோல்டேஜ் சரிந்தால் ஈசியு பாதியில் நின்று செத்துப்போகும். ஒரிஜினல் ஃபைலின் நகல் ஒன்றை பென் டிரைவில் போட்டு என் கையிலும் கொடுத்தார். அதன் பிறகும் ஒரே தடவையில் முடியவில்லை. லாக் பார்த்து, மேல் ஆர்பிஎம்மில் டைமிங்கைக் கொஞ்சம் குறைத்து, மறுபடி ஓட்டி, மறுபடி பார்த்துத்தான் விட்டார்.

இப்போது வாளையாறு தாண்டி லாரி வரிசையை ஓவர்டேக் செய்யும்போது 4,500-க்கு மேல் வண்டி தொய்வதில்லை. சிட்டிக்குள் எந்த வித்தியாசமும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

போலோ 1.0 டிஎஸ்ஐ மேனுவல், சென்னை

அண்ணா சொன்ன கியர்பாக்ஸ் விஷயம் மேனுவலில் கிளட்ச்சாக வந்து நிற்கும். என்னுடையது 110 பிஎஸ், 175 என்எம். ரீமேப்புக்குப் பிறகு டைனோவில் 230 என்எம்மை ஒட்டி வந்தது, ஃபைலிலும் குறை இல்லை, லாக் எல்லாம் சுத்தம். ஆனால் ஈசிஆரில் ஐந்தாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் முழுசா மிதித்தால் ஆர்பிஎம் முள் சட்டென்று மேலே ஏறும், வேகம் ஏறாது, கொஞ்ச நேரத்தில் கருகிய வாசனை வரும். கிளட்ச் நழுவுகிறது. கம்பெனி 175-க்குப் போட்ட கிளட்ச், அதைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்.

கனமான கிளட்ச் வாங்கலாமா என்று பார்த்தேன், விலையும் அதிகம், டிராஃபிக்கில் காலும் வலிக்கும். கடைசியில் ட்யூனரிடம் சொல்லி 2,500-க்குக் கீழே டார்க் மெதுவாக ஏறும்படி மாற்றிவிட்டோம். நழுவல் நின்றுவிட்டது. இன்னொரு நல்லதும் நடந்தது. இந்த மாதிரி சின்ன டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போவில் உயர் கியர், குறைந்த ஆர்பிஎம், முழு மிதி மூன்றும் சேர்ந்தால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எல்எஸ்பிஐ என்பார்கள், ஒரே தடவையில் பிஸ்டனை உடைக்கிற அளவுக்குப் பலமாக இருக்கும். அந்த இடத்திலேயே டார்க்கைக் குறைத்தது மனசுக்கு நிம்மதி.

பெட்ரோல்தான் இன்னும் தலைவலி. சென்னையில் தேடினால் 100 ஆக்டேன் கிடைத்துவிடும், ஊருக்குக் கிளம்பினால் விழுப்புரம் தாண்டி எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அதனால் 95-க்கு ஏற்ற மாதிரி எழுதிய ஃபைல்தான் இப்போது வண்டியில் இருக்கிறது. கொஞ்சம் பவர் போனாலும் பரவாயில்லை.

ஸ்விஃப்ட் டீசல், சேலம்

நண்பர்களே, ட்யூனிங் பாக்ஸ் வாங்கலாம் என்று யோசிப்பவர்களுக்காக இது. ரீமேப்பில் ஈசியுவுக்குள் இருக்கும் கணக்கே மாறுகிறது. பாக்ஸ் அப்படி இல்லை, இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் ரயில் பிரஷர் சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு அழுத்தம் குறைவு என்று பொய் சொல்லும். ஈசியு அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும், டீசல் அதிகமாகப் போகும், அதற்கேற்ற காற்றை யாரும் கேட்பதில்லை.

என் மச்சான் மாட்டியிருந்தார். ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசியில் திரும்பி மிதித்தால் பின்னால் வருகிற பைக்காரன் கண்ணுக்குத் தெரியமாட்டான், அவ்வளவு கரும்புகை. முழுசாக எரியாத டீசல்தான் அப்படிப் போகிறது. இன்ஜெக்டரும் பம்பும் எப்போதும் கூடுதல் அழுத்தத்தில் வேலை செய்கின்றன, டேஷ்போர்டில் ஒரு லைட் கூட எரியாது, ஏனென்றால் ஈசியுவுக்கு விஷயமே தெரியாது. நானே உட்கார்ந்து கழற்றி எடுத்தேன்.

வர்ட்டஸ் 1.5, மதுரை

எனக்கு வாரண்டி இன்னும் இருக்கிறது. சர்வீஸுக்கு விடும்போது ஒரிஜினல் ஃபைலைத் திரும்ப ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்கிறார்களே, உண்மையா?

ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, கோயம்புத்தூர்

நம்பாதீர்கள் தம்பி. எத்தனை தடவை எழுதப்பட்டது என்பதை ஈசியு கணக்கு வைத்துக்கொள்ளும். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டர் ஆன்லைனில் ஒப்பிட்டுப் பார்த்து, மாற்றம் தெரிந்தால் டிடி1 என்று ஒரு குறி போட்டுவிடும். அது வண்டி எண்ணோடு ஒட்டிக்கொள்ளும், இன்ஜினோ கியர்பாக்ஸோ போனால் வாரண்டி கேட்பது கஷ்டம். சர்வீஸில் அப்டேட் போட்டால் ரீமேப் அழிந்து போவதும் உண்டு.

அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி ஒரிஜினலிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ-வில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. இன்ஷூரன்ஸில் சொல்லாமல் விட்டால் க்ளெய்ம் நேரத்தில் அதையே காரணம் காட்டலாம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பிடுங்கச் சொல்கிற கடைக்குப் போகவே போகாதீர்கள், அந்தப் புகையை நம் ஊர் பிள்ளைகள்தான் சுவாசிக்க வேண்டும்.

உங்கள் 1.5-இலும் டிஎஸ்ஜி என்றால் அதே டிக்யூ200-தான், அதே 250 என்எம்.

வர்ட்டஸ் 1.5, மதுரை

டிஎஸ்ஜிதான் அண்ணா. சரி, வாரண்டி முடிகிற வரை கை வைக்கவில்லை. இந்த வாரம் ஈசியுவின் எண்களைப் படிக்கும் ஒரு ஓபிடி அடாப்டர் வாங்கி, கம்பெனி மேப்பிலேயே சாதாரண பெட்ரோலில் ஒரு டேங்க், 95-இல் ஒரு டேங்க் லாக் எடுக்கிறேன். நாக் கணக்கை இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.