எடை குறைக்கும் ஊசியால் நேர்ந்தவை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

நாமக்கல் ஆசிரியை

என் அக்காள் மகளுக்குத் தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் பத்துக் கிலோ குறைய வேண்டும் என்று செமாக்ளுடைடு ஊசி வாங்கப் போனாள். துணைக்குப் போனவள் நான் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை. மருந்துக்கடைக்காரர் மருத்துவரின் சீட்டைக் கேட்கவில்லை, வயதைக்கூடக் கேட்கவில்லை. ஜிபேயா ரொக்கமா என்று மட்டும் கேட்டார். 0.25 மி.கி. பேனா (மருந்து நிரப்பிய, பேனா வடிவ ஊசி) கையிருப்பில் இல்லை, 1 மி.கி. இருக்கிறது, மருந்து ஒன்றுதான் என்று சொல்லி, ஐஸ் பையோடு சேர்த்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அது தொடக்க அளவைப் போல நான்கு மடங்கு என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

மறுநாள் இரவு இரண்டு மணிக்கு அவள் குளியலறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாந்தியில் வருவதற்கு எதுவும் மிச்சமில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்தாலும் திரும்பி வந்தது. உதடு வெடித்து, பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. மருத்துவமனையில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இந்த மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும், காத்திருப்பதைத் தவிர வழியில்லை என்று மருத்துவர் சொன்னபோது, கடையில் பணம் அனுப்பியது என் கைபேசியிலிருந்துதான் என்ற நினைவு என்னைக் குத்தியது. இன்றும் குத்துகிறது.

இராயபுரம் வாசி

எனக்குப் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை. மேசையில் படுத்த பிறகுதான் மயக்க மருந்து நிபுணர், வாரம் ஒரு முறை ஊசி ஏதாவது போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். நடைப்பயிற்சியால் மெலிந்தேன் என்று வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்த நான், அந்தப் பொய்யை அறுவை அரங்கிலும் காப்பாற்ற எண்ணி வாயைத் திறக்கவில்லை. அவர் குனிந்து, என் கண்ணைப் பார்த்து, மறுபடியும் கேட்டார். மூன்று நாளுக்கு முன் போட்டேன் என்றேன்.

உடனே வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். முந்தைய இரவு உண்ட உணவு இன்னும் உள்ளே கிடந்தது. இந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. மயக்கத்தில் அந்த உணவு மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வாராந்திர ஊசியை ஒரு வாரம் முன்னதாக நிறுத்துமாறு அமெரிக்க மயக்கவியல் வல்லுநர்களின் சங்கம் 2023 ஜூனிலேயே சொல்லியிருந்ததாம். அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. அவர் இரண்டாம் முறை கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று படுக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

திருவெறும்பூர் சர்க்கரை நோயாளி

ஆசிரியை அவர்கள் எழுதியதைப் படித்தால் மருந்தையே நஞ்சு என்று எண்ணத் தோன்றும். அதை நான் ஏற்க மாட்டேன். 112 கிலோ இருந்த நான், நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் மேற்பார்வையில் டிர்செபடைடு என்ற இதே போன்ற வாராந்திர ஊசி போட்டு 94-க்கு வந்திருக்கிறேன். போன மாதம் என் செருப்பு வாரை நானே குனிந்து மாட்டினேன். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் தொடங்க நினைப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். டிர்செபடைடை 2.5 மி.கி. அளவில் தொடங்கி, நான்கு வாரம் கழித்துத்தான் 5-க்கு ஏற்றுவார்கள். அந்த நான்கு வாரம் குடலைப் பழக்குவதற்காக, அவசரப்படாதீர்கள். குடும்பத்தில் யாருக்கேனும் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா, உங்களுக்குக் கணைய அழற்சி வந்ததுண்டா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அவற்றின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும். கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்கள், டிர்செபடைடு தொடங்கும்போதும் அளவை ஏற்றும்போதும் நான்கு வாரத்துக்கு வேறு தடுப்பு முறையையும் கையாள வேண்டும். மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், உறைந்துவிட்டால் எறிந்துவிடுங்கள். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி வந்தால், வாயுப் பிடிப்பு என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு மகன்

திருவெறும்பூர் ஐயா, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் அது மருந்து தொடர்ந்து கிடைப்பவருக்கு. நீங்கள் போடும் டிர்செபடைடு, மவுஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய், வாரத்துக்கு ஒரு குப்பி. உப்பளத்தில் கணக்கெழுதும் என் அப்பா ஐந்து மாதம் போட்டார், நன்றாகவே இளைத்தார். தங்கையின் கல்லூரிக் கட்டணம் வந்ததும் எங்களைக் கேட்காமலே நிறுத்திவிட்டார்.

இளைத்தபோது அவர் இடைவாரில் ஆணியைச் சூடாக்கி இரண்டு புதுத் துளை போட்டிருந்தார். நிறுத்திய பிறகு ஒவ்வொரு துளையாகப் பழைய இடத்துக்கே வந்தார். ஒருநாள் காலையில் வாரைக் கையில் பிடித்தபடி, "என்னால காப்பாத்த முடியலப்பா" என்றார், ஏதோ தவறு செய்தவரைப் போல. அவர் மேல் குற்றமில்லை. செமாக்ளுடைடு ஆய்வொன்றில் 68 வாரம் போட்டு நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பியது. 2026 மார்ச்சில் செமாக்ளுடைடின் காப்புரிமை இந்தியாவில் முடிந்து, மற்ற நிறுவனங்களும் தயாரிக்க வழி பிறந்தது. விலை இறங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு வாழ்வு; ஆனால் சீட்டு கேட்காத கடைகளிலும் அதே விலையில்தான் கிடைக்கும்.

நாமக்கல் ஆசிரியை

திருவெறும்பூர் ஐயாவுக்கு: நான் மருந்தைக் குறை சொல்லவில்லை. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று அந்தப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது; மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகுதான் அதைப் படித்தேன். உங்களிடம் உங்கள் மருத்துவர் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட என் அக்காள் மகளிடம் யாரும் கேட்கவில்லை.

அந்தப் பேனாவில் இன்னும் மூன்று வாரத்து மருந்து இருக்கிறது. வீணாகத்தானே போகும், எனக்குக் கொடுங்களேன் என்று எதிர்வீட்டுப் பெண் நேற்று வாசலில் நின்று கேட்டாள். ஊசியை மாற்றினாலும் ஒருவர் போட்ட பேனாவை இன்னொருவர் போடக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அவள் முகம் வாடிப்போனது. பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். இதை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.